இரண்டு வாரத்துக்கு ஒரு வீடு

3 ஜனவரி 2025, வெள்ளி

பள்ளிக்கூடத்துத் துப்புரவுக் குத்தகை டிசம்பரோடு கைமாறிவிட்டது. புதுக் கான்ட்ரெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். வேலை உண்டு, ஆனால் புது ஆளாகச் சேர வேண்டும். வருட விடுப்பு, சேவை ஆண்டு எல்லாம் முதலிலிருந்து. கம்பெனி மாறும்போதெல்லாம் இதே கதை. நான் கழுவுவது அதே கழிவறைதான். கணக்கில் மட்டும் நேற்று வந்தவள்.

எங்கள் அடுக்குமாடியின் மூன்றாம் மாடி அக்கா ஆஸ்பத்திரித் துப்புரவில் இருந்தவர். 1997-இல் அரசு ஆஸ்பத்திரிகளின் துப்புரவு தனியார் கைக்குப் போனதிலிருந்து தங்களுக்கும் இப்படித்தான் என்கிறார். 2020 ஜூனில் ஈப்போ ஆஸ்பத்திரி முன்னால் மறியல் செய்த தொழிற்சங்கத்தார் ஐந்து பேரைப் போலீஸ் பிடித்துப் போனதை இன்றைக்கும் ஆத்திரத்தோடு சொல்வார்.

“அடுத்த மாசம் சம்பளம் 1,700 வெள்ளி ஆகுது. இப்பப் போயி விடறியே” என்று வீட்டுக்காரர் முனகினார். குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அக்காவும் நானும் பேசி முடித்துவிட்டோம். வீடு சுத்தம் செய்யும் வேலையை நாங்களே எடுத்துச் செய்யப்போகிறோம்.

6 ஜனவரி, திங்கள்

பெட்டாலிங் ஜெயாவில், தாமான் ஜெயா நிலையத்தில் எல்ஆர்டி ஏறி கேஎல் சென்ட்ரல். வியாபாரம் பதிகிற எஸ்எஸ்எம் கட்டடம் அங்கேயே இருக்கிறது. கைப்பேசியிலேயே பதியலாம் என்று மகள் சொன்னாள். எனக்குக் கவுண்டரில் ஒரு முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் நிம்மதி. தனி ஆள் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி. நாங்கள் இருவர் கூட்டு, அதனால் வியாபாரப் பெயர் வேண்டும், 60 வெள்ளி. மகள் இங்கிலீஷில் ஏதோ பளபளப்பாகச் சொன்னாள், அக்கா சாமி பெயர் என்றார். அக்கா ஜெயித்தார்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் சொந்தத் தொழில் செய்பவர்களுக்கான திட்டத்தையும் விசாரித்தேன். மிகக் குறைந்த சந்தா வருடத்துக்கு 157 வெள்ளி 20 காசு. நாற்காலி போட்டு ஏறி மின்விசிறி துடைக்கிற வேலை இது. விழுந்தால் ஏந்திக்கொள்ள மேலே கம்பெனி என்று ஒன்று இனிமேல் கிடையாது. இரண்டு பேருக்கும் கட்டுவது என்று முடிவு.

பிரிக்ஃபீல்ட்ஸில் பொங்கல் பானை வந்து இறங்கியிருக்கிறது. விலை கேட்டதோடு சரி.

9 ஜனவரி, வியாழன்

மகள் அச்சடித்துக் கொடுத்த தாளை எஸ்எஸ்2 பக்கம் தபால் பெட்டிகளில் போட்டோம். ஒரு போன்கூட வரவில்லை. அந்தப் பெட்டிகளில் ஏற்கெனவே வட்டிக்காரன் சீட்டும் குழாய் அடைப்பு எடுப்பவன் சீட்டும் கிடந்தன. எங்களுடையதை யார் படிக்கப்போகிறார்கள்? கொண்டோவில் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். ஆப்பில் பதியலாமே என்று அக்கா மகன் சொன்னான். வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் காவ்டிம் ஆப் எங்களுக்கும் தெரிந்ததுதான், அது 2022-இல் மூடிவிட்டது. மற்ற ஆப்பில் சேரலாம்தான், ஆனால் அங்கே வீட்டு உரிமையாளர் ஆப்புக்குத்தான் வாடிக்கை.

வழி திறந்தது வேறு இடத்தில். எங்கள் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற சீன டீச்சர் செக்‌ஷன் 17-இல் இருக்கிறார். தன் தெருவின் வாட்சப் குழுவில் என் நம்பரைப் போட்டு, “இவர் கழுவிய கழிவறையை நானே பல வருஷம் பயன்படுத்தினேன்” என்று எழுதினாராம். சாயங்காலத்துக்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது.

எல்லோரும் முதலில் கேட்பது விலையை இல்லை. “ஓராங் சினி கா?” உள்ளூர் ஆளா என்று. பெர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைத்துப் பிடிபட்டால் தலைக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், சிறையும் உண்டு. அந்தப் பயம்தான் எங்களுக்கு வேலை தருகிறது. சந்தோஷப்பட முடியவில்லை. அதே வீடுகளை எங்களுக்கு முன்னால் குறைந்த கூலிக்குத் துடைத்த இந்தோனேசியப் பெண்களும் எங்களைப் போன்றவர்கள்தானே.

13 ஜனவரி, திங்கள், போகி

நம் வீட்டுக் குப்பையை விட்டுவிட்டு டீச்சர் வீட்டுக் குப்பையை எடுக்கப் போனோம்.

ஒற்றை மாடி பழைய டெரஸ் வீடு, மொசைக் தரை. டீச்சர் கழிவறைக்கு வாங்கும் ஆசிட்டையே தரைக்கும் ஊற்றி வந்திருக்கிறார். மொசைக்கில் இருப்பது சலவைக்கல் துண்டு. ஆசிட் பட்டால் அரித்து மங்கிவிடும், வினிகருக்கும் அதே கதிதான். சோப்புத் தண்ணீர் போதும் என்று சொல்லி ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டினேன். ஆசிட்டுக்குப் பக்கத்திலேயே குளோராக்ஸ் பிளீச் பாட்டில் வேறு. இரண்டும் கலந்தால் கிளம்பும் குளோரின் வாயு மூச்சை அடைத்துவிடும். பள்ளியில் ஒரு தடவை ஒரு பெண் அப்படி மயங்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் வெவ்வேறு அலமாரியில் வைத்தேன்.

பள்ளியில் கற்றதெல்லாம் இங்கே உதவுகிறது. மேலிருந்து கீழே, காய்ந்த தூசி முதலில், ஈரம் அப்புறம். கழிவறைத் துணிக்குச் சிவப்பு, அது சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அடுப்புக்கு மேலே இருந்த புகைக்கூண்டு வலைதான் உயிரை வாங்கியது. வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைக்க நினைத்தேன், அது அலுமினியம் என்று அக்கா கண்டுபிடித்தார். சோடாவுக்கு அலுமினியம் கறுத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய பல்துலக்கியும்தான்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் டீச்சர் பழங்கதை சொன்னார். பெட்டாலிங் ஜெயாவே 1950-களில் எஃபிங்ஹாம் ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டியதாம். “அப்போ எங்காளுங்க இங்கே மரம் சீவியிருப்பாங்க” என்றார் அக்கா, மாப்பைப் பிழிந்துகொண்டே.

19 ஜனவரி, ஞாயிறு

சீனப் பெருநாளுக்குப் பத்து நாள். போன் ஓயவில்லை. ஒரு மணிக்கு 25 வெள்ளி, குறைந்தது நாலு மணி நேரம் என்று வைத்திருந்தோம். இந்த நேரத்தில் 40 கேட்டாலும் தருகிறார்கள். அக்காவுக்குக் கேட்க ஆசை. நான் 30-க்கு மேல் வேண்டாம் என்றேன். பெருநாளைக்கு 40 கொடுத்தவர் மார்ச்சில் என்னைக் கூப்பிடும்போது அந்த 40-தான் அவர் ஞாபகத்தில் இருக்கும்.

27 ஜனவரி, திங்கள்

சீனர் கணக்கில் இன்று பன்னிரண்டாம் மாதம் இருபத்தெட்டு. அழுக்கெல்லாம் கழுவ வேண்டிய நாளாம். காலை ஆறரைக்குக் கிளம்பி இரவு வீடு வந்தோம். கை எரிகிறது. எழுதத் தெம்பில்லை.

30 ஜனவரி, வியாழன்

பெருநாளில் துடைப்பத்தைத் தொட்டால் அதிர்ஷ்டத்தையும் கூட்டித் தள்ளியதாகிவிடுமாம். போன் செத்துக் கிடக்கிறது.

நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் பார்த்தேன். பாதிப் பேர் அடுத்த சீனப் பெருநாளைக்குத்தான் எங்களை நினைப்பார்கள். அந்தக் காசு நல்ல காசுதான், ஆனால் அதை நம்பி அடுப்பு எரியாது. எனக்கு வேண்டியது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மழையோ வெயிலோ, அதே கிழமையில் கதவைத் திறக்கும் வீடு. தேடுவதற்கு அடையாளம் உண்டு: வேலைக்குப் போகும் தம்பதி, சின்னப் பிள்ளை, இல்லை மாடிப்படி ஏற முடியாத வயசாளி. பெரிய பங்களாவைக் கழித்துவிட்டேன். அங்கே வீட்டோடு ஆள் இருக்கும், நாங்கள் ஒரு நாள் கூத்து.

5 பிப்ரவரி, புதன்

நானே போன் செய்தேன். அக்காவுக்கு வெட்கம், “நாமளா கேக்கறதா?” என்றார். கேட்டால்தான் என்ன?

ஒரு அம்மா “போலே குராங்?” என்று குறைக்கச் சொன்னார். மாதம் இரண்டு முறை நிச்சயம் என்றால் பழையபடி 25, ஒரே ஒரு தடவை என்றால் 30 என்றேன். ஒத்துக்கொண்டார். இன்னொருவர் 15 வெள்ளிக்கு ஆள் இருக்கிறது என்றார். சரிங்க என்று வைத்துவிட்டேன். டீச்சர் பேரமே பேசவில்லை, செவ்வாய்க்கிழமை யோகா இருக்கிறது என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

11 பிப்ரவரி, செவ்வாய், தைப்பூசம்

வேலை இல்லை. விடியுமுன் பத்துமலை போய் வந்தோம். கூட்டத்தில் அக்கா செருப்பைத் தொலைத்தார்.

14 பிப்ரவரி, வெள்ளி

கிழமைகள் நிரம்பிவிட்டன. இனி ஒரு வீடு எடுத்தாலும் மூன்றாவது ஆள் வேண்டும். அக்காவின் தங்கை மகள் வருகிறேன் என்றாள். வந்ததும் அவள் கேட்டது: “இபிஎஃப் இருக்கா சித்தி?”

கேட்டாளே என்று எனக்கு ஒரு பக்கம் பெருமை. ஆள் வைத்தால் ஏழு நாளுக்குள் நாங்கள் முதலாளியாக இபிஎஃப் சேமநிதியில் பதிய வேண்டும், அவள் சம்பளத்துக்கு மேல் 13 விழுக்காடு எங்கள் பங்கு. பெர்கேசோ தனி. புதுக் குறைந்தபட்சச் சம்பளத்தின் மணிக்கணக்கு 8 வெள்ளி 17 காசு. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 14 என்றேன். பஸ் காசு, சோப்பு, கையுறை, வீட்டுக்கு வீடு போகும் நேரம் எல்லாம் கூட்டினால் 25-இல் எங்களுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். பழைய வீடுகளுக்கு 25-தான், சொன்ன சொல். புதிதாக எடுக்கிற வீட்டுக்கு 28.

“28-க்கு யாரு வருவா?” என்றார் அக்கா. நாளைக்கு எஸ்எஸ்2-இல் ஒரு வீடு பார்க்கப் போகிறோம். மூன்று பிள்ளைகள், இரண்டு பூனையாம். 28 என்று அக்காவையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.