அப்பா தீவில் ஒரு பகல்

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பேத்தியை அழைத்துக்கொண்டு முட்டுக்காட்டுக்குச் சென்றிருந்தேன். கிழக்குத் தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போய், தர்காவில் ஸலாம் சொல்லிவிட்டு, அங்கிருந்து முட்டுக்காடு. சென்னையின் தென்புறத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு இது பழகிய தடந்தான். 1984-இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தார் அங்கே படகுத்துறை அமைத்தது முதல் எத்தனையோ முறை போயிருக்கிறேன். அன்றும் சீட்டு வாங்கி, மிதவைச் சட்டை அணிந்து, மோட்டார்ப் படகில் ஏறி, கழிமுகத்தை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கினோம். இறங்கியதும் பேத்தி கேட்டாள்: "அப்பா, படத்தில் படகுக்குப் பாய் இருக்கிறதே, இதற்கு ஏன் இல்லை? நீங்கள் பாய் கட்டிய படகில் போனதுண்டா?"

எங்கள் கீழக்கரைப் பக்கத்தில் பாட்டனாரை 'அப்பா' என்றுதான் அழைப்போம், தகப்பனார் 'வாப்பா'. தாம்பரத்தில் பிறந்து வளர்ந்த பேத்தியும் இந்த ஒரு வழக்கத்தை விடவில்லை. போனதுண்டு என்றேன். எத்தனை முறை என்றாள். ஒரே ஒரு முறை; அதுவும் ஒரு பகல்பொழுது. அந்தக் கதையை அவளுக்குச் சொன்னபோது ஒரு பகுதியை விட்டுவிட்டேன். இங்கே விடாமல் எழுதுகிறேன்.

என் வாப்பா கடலை வெறுத்தவர் என்றே சிறுவயதில் எண்ணியிருந்தேன். பல்லாவரத்துத் தோல் பதனிடும் ஆலை ஒன்றில் அவர் கணக்கெழுதினார். அக்காலத்தில் அந்த வட்டாரமே தோலால் வாழ்ந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே குரோம் லெதர் ஆலையிலிருந்து வந்ததுதான். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டையில் பதனிட்ட தோலின் வாடை வீசும். எனக்கு அதுவே வாப்பாவின் வாசம். ஆண்டுக்கொரு முறை எங்களைக் கோவளம் தர்காவுக்கு அழைத்துப் போவார். நபித்தோழர் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்கள் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பிப் போற்றும் இடமல்லவா? ஜியாரத் முடிந்ததும் நாங்கள் அலைக்கு ஓடுவோம். வாப்பா மணலில், கடலுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலைக்கூட நனைக்க மாட்டார்.

காரணத்தை உம்மாதான் ஒருநாள் சொன்னார்கள். என் பாட்டனார் கீழக்கரையில் தோணித் தண்டலாக இருந்தவர். மரக்கலம் ஓட்டிய குலத்தாரென்பதால் மரக்காயர் என்கிறார்கள். சீதக்காதி வள்ளலின் கப்பல்களைப் பற்றி நம் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். வள்ளல் வேறு, எங்கள் வீடு வேறு. பாட்டனாருக்கு ஒரு தோணியும் சொந்தமில்லை. பிறர் தோணியைக் கொழும்புக்கு ஓட்டிக் கூலி பெற்றவர். 1938-இல் ஓர் ஐப்பசி மாதம் புறப்பட்ட அந்தத் தோணி கொழும்பையும் அடையவில்லை, கீழக்கரைக்கும் திரும்பவில்லை. அப்போது வாப்பாவுக்கு வயது பதினான்கு. வாப்பும்மா இத்தா முடிந்த மறுநாள் மகனை முன்னால் நிறுத்தி, கடலில் கால் வைப்பதில்லை என்று அல்லாஹ்வின் பெயரால் சத்தியம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மாதமே சென்னைப் பட்டணத்துக்கு ரயிலேற்றி விட்டார்கள். கடலோரத்துப் பிள்ளை தோல் ஆலைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

1976 பிப்ரவரியில் மாமா மகளின் நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு கீழக்கரைக்குப் போனோம். எனக்குப் பதினேழு வயது. கல்யாண வீட்டில் விருந்துகள் ஓய்ந்த பின்னும் விடுமுறை இரண்டு நாள் மிஞ்சியிருந்தது. மச்சான்தான் அந்த யோசனையைக் கிளப்பினார்: ஒரு வள்ளத்தை நமக்கென்று அமர்த்திக்கொண்டு அப்பா தீவுக்குப் போய் மாலையில் திரும்பலாம். நாற்பது ரூபாய் பேசி முடித்தார். பெண்களையும் அழைத்துப் போயிருக்கலாம். அன்று எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. உம்மா பொட்டலச் சோறும் மாசிச் சம்பலும் கட்டிக்கொடுத்து, வாசற்படியில் நின்றுகொண்டார்கள்.

சுபுஹு தொழுகை முடிந்து கரைக்குப் போனோம். வாப்பா வழியனுப்ப மட்டுமே வந்தார். வள்ளத்தின் தண்டல் அறுபதைத் தாண்டிய முதியவர். உடம்பெல்லாம் உப்பும் வெயிலும் தின்ற கறுப்பு. வாப்பாவைச் சற்று நேரம் பார்த்தார். "தம்பி யாருடைய மகன்?" என்று கேட்டார். வாப்பா பெயரைச் சொன்னதும் அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். "உங்கள் வாப்பாவிடந்தான் நான் சுக்கான் பிடிக்கக் கற்றேன். கடைசிப் பயணத்துக்கு முந்திய பயணம் வரை கூடவே இருந்தேன். அந்த முறை எனக்குக் காய்ச்சல்."

இருவரும் அதற்கு மேல் பேசவில்லை. நாங்கள் ஏறிவிட்டோம். தண்டல் கையை நீட்டி, "ஏறுங்கள்" என்றார். வாப்பா சத்தியத்தைச் சொன்னார். முதியவர் தெற்கே கைகாட்டினார். "தீவுக்கு அப்பால் இருப்பதுதான் கடல், தம்பி. இப்பால் இருப்பது எங்கள் வீட்டு முற்றம்."

வாப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நீரில் இறங்கினார்.

அந்த முதியவர் சொன்னதில் பொய்யில்லை என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை கரையை ஒட்டினாற்போல் இருபத்தொரு தீவுகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். ஆழ்கடலின் அலை அந்தப் பாறைகளில் மோதித் தணிந்து விடுவதால் தீவுக்கும் கரைக்கும் இடையில் உள்ள நீர் ஏரியைப் போலக் கிடக்கும். ஆனால் அதே பாறைகள்தாம் வழி தெரியாத மாலுமிக்கு எமன். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு பதூதா இலங்கையிலிருந்து மஃபருக்கு வரும் வழியில், காற்றில் சிக்கிய கப்பல் ஆழமற்ற நீரில் அகப்பட்டு, பாய்மரத்தையே வெட்டி எறிய நேர்ந்தது.

அன்று காலையில் கரைக்காற்று வடக்கிலிருந்து இதமாக வீசியது. இரண்டு இளைஞர்கள் பிஸ்மில்லாஹ் சொல்லி ஆஞ்சான் கயிற்றை இழுக்க, பருமல் மரம் மேலேறியது. பழுப்பேறிய பாய் இரண்டு முறை படபடத்தது; பிறகு காற்றை வாங்கிக்கொண்டு மௌனமாயிற்று. பாய்ப் படகில் முதலில் என்னை வியக்க வைத்தது அந்த மௌனந்தான். தாம்பரத்தில் ரயிலின் இரைச்சலோடும், விமானப் படைத் தளத்தின் இரைச்சலோடும் வளர்ந்தவன் நான். ஒரு வாகனம் ஓசையின்றி விரையக்கூடும் என்று அறிந்ததில்லை. கீழே நீர் கண்ணாடி போலிருந்தது. கடற்புல் ஒரே திசையில் சாய்ந்து கிடந்தது. ஆவுளியா என்னும் கடற்பசு இந்தப் புல்லைத்தான் மேயும் என்றார் தண்டல். நாங்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஒன்றும் தென்படவில்லை. மேற்கே நீர்மட்டத்தோடு ஒரு மணற்கீற்று தெரிந்தது. பூவரசன்பட்டித் தீவு என்றார். எங்களுக்கு எதிரே இரண்டு வள்ளங்கள் நீர் விளிம்பைத் தொடும் பாரத்தோடு கரைக்குப் போயின. அவற்றில் மீன் இல்லை. வெள்ளை வெள்ளையாகக் கடற்கல். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிறது என்றார்கள். அக்காலத்தில் அதைத் தவறென்று யாரும் நினைக்கவில்லை.

வாப்பா அணியத்துப் பக்கம் அமர்ந்திருந்தார். தண்டல் அவரிடம் பாயின் கயிற்றைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பேனா பிடித்த கை. ஆனாலும் தீவை அடையும் வரை விடவில்லை.

தீவின் வடபுறத்தில் கரை சற்றே உள்வாங்கி, ஒரு சிறு குடாவாக வளைந்திருந்தது. முழங்கால் ஆழத்தில் இறங்கி நடந்தோம். ஒரு குடில் இல்லை, ஒரு மனிதக் காலடி இல்லை. நண்டுகள் எங்களைக் கண்டு வளைக்குள் மறைந்தன. மச்சான்மார் நீந்தினார்கள். நான் குனிந்து நீருக்குள் பார்த்தவாறே நடந்தேன். மான்கொம்பு போலக் கிளைவிட்ட பவளங்கள்; இடையிடையே நீலமும் மஞ்சளுமாய்ச் சிறு மீன்கள்.

லுஹர் வேளை வந்ததும் கடல்நீரிலேயே உளூச் செய்து, மணலில் அணிவகுத்தோம். தண்டலை முன்னிறுத்த முயன்றோம். அவர் வாப்பாவை முன்னே தள்ளினார். தொழுகை முடிந்து சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தபோது வாப்பாவைக் காணவில்லை. தேடிக்கொண்டு புதர்களினூடே நடந்தேன். தீவு குறுகலானது, சில நிமிடங்களில் மறுகரை வந்துவிட்டது. அங்கேதான் முதியவர் சொன்ன கடல் இருந்தது. தூரத்துப் பாறைகளில் அலை இரைந்து வெண்மையாக உடைந்துகொண்டிருந்தது. வாப்பா ஈரமணலின் விளிம்பில், கொழும்பு இருக்கும் தென்கிழக்குத் திசையைப் பார்த்து நின்றிருந்தார். இரு கைகளும் துஆவுக்கு ஏந்தியிருந்தன. தோள்கள் குலுங்கின. கபுரில்லாத தகப்பனாருக்கு அவர் ஜியாரத் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அலை ஒன்று நீண்டு வந்து அவர் பாதத்தை நனைத்துப் போயிற்று. அவர் நகரவில்லை. நான் ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன்.

பேத்தியிடம் சொல்லாமல் விட்டது இனி வருவது.

தகப்பனார் அழுவதைப் பார்த்த பதினேழு வயதுப் பையனுக்குக் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாது. அந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. வள்ளத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு குடாவில் இறங்கி, மிக அழகாகத் தோன்றிய பவளக் கிளையை அடித்தேன். முதல் அடியில் நொறுங்கியது. இரண்டாவதும் நொறுங்கியது. மூன்றாவது கிளை, விரித்த கையளவு, முழுதாக வந்தது. மீன்கள் எங்கேயோ போய்விட்டன. தண்டல் பார்த்துக்கொண்டிருந்தார். "அதற்கு உயிர் உண்டு, தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நான் சிரித்தேன். கல்லுக்கு ஏது உயிர் என்று கேட்டதாகவும் நினைவு.

பிற்பகலில் தெற்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. ஒரு சிரமமுமின்றி அதுவே எங்களைக் கரை சேர்த்தது. மறுநாள் காலையில் வாப்பா ஏழைகள் பத்துப் பேரைத் தேடி அழைத்து, வயிறார உணவளித்தார். சத்தியத்தை முறித்ததற்கான கஃப்பாரா. முற்றம் என்றுதானே தண்டல் சொன்னார், பிறகு எதற்கு என்று மாமா கேட்டார். "மறுகரையில் கால் நனைந்தது" என்றார் வாப்பா. ஊர் திரும்பும்போது ரயிலில், எல்லோரும் உறங்கிவிட்டார்கள் என்று எண்ணி, கயிறு உரசிச் சிவந்த உள்ளங்கையை விளக்கொளியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பவளம் வீட்டில் ஒரு மாதம் நாறியது. அழுகியது அதன் உயிர் என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உம்மா அதை மொட்டை மாடியில் காயவைத்து, வெளுத்த பின் கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகளுக்கு நடுவே வைத்தார்கள். 1994-இல் வாப்பா வஃபாத்தானார்கள். வீடு மாறினோம். அலமாரியும் கூடவே வந்தது.

1986-இல் அந்த இருபத்தொரு தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாயின. அனுமதியின்றி அவற்றில் இறங்கக் கூடாது. 2001-இல் பவளங்களுக்குப் புலிக்கும் யானைக்கும் உரிய சட்டப் பாதுகாப்பு வந்தது. இந்தச் சட்டங்களால் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களும், சிறு வலைக்காரர்களும் பட்ட துன்பத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். முற்றம் அவர்களுடையதாகத்தான் இருந்தது. ஆயினும், தண்டல் மேற்கே காட்டிய பூவரசன்பட்டி இன்று நீருக்கு மேல் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் அப்படியே. சுற்றியிருந்த பவளத்தைக் காளவாய்க்கு வெட்டி எடுத்ததால் அலைக்குத் தடுப்பில்லாமற் போய், மணல் கரைந்து, இரண்டும் மூழ்கிவிட்டன. வள்ளம் வள்ளமாக ஏற்றியவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஏற்றினார்கள். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று, எங்கள் தாம்பரத்திலிருந்தே இராமேசுவரத்துக்கு ஒரு ரயில் விட்டார்கள். அதில் ஏறி இராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரைக்குப் போக வேண்டும் என்கிறாள் பேத்தி. போகலாம் என்றேன். பாய் வள்ளம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் தீவில் இறங்க முடியாது என்றும் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால் போதும் என்றாள். அன்று உம்மா நின்ற வாசற்படி நினைவுக்கு வந்தது. இவள் நிற்க மாட்டாள்.

சென்ற வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அவள் பவளத்தைக் கையில் எடுத்து, "இது எங்கிருந்து வந்தது, அப்பா?" என்று கேட்டாள். சொன்னேன். யார் உடைத்தது என்றாள். அதையும் சொன்னேன். கோவளத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். கோவளம் அதன் ஊரல்லவே என்றேன். சற்று யோசித்துவிட்டு, கோப்பைகளுக்கு நடுவே திரும்ப வைக்காமல், நான் எழுதும் மேசையின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.