பாம்போரில் பூப் பறிக்கும் காலம்

மாமல்லபுரத்தில் சால்வையும் காகிதக்கூழ்ப் பெட்டியும் வெள்ளி நகையும் விற்கும் கடைகளில் பல காஷ்மீரிகள் நடத்துபவை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும்கூட அவர்களைப் பார்க்கலாம். வெளிநாட்டுப் பயணிகள் டிசம்பருக்குப் பிறகுதான் கூட்டமாக வருவார்கள். ஐப்பசி மழையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு ஆண்டுதோறும் ஊருக்குக் கிளம்பும் கடைக்காரர் ஒருவர் அங்கே இருக்கிறார். ஸ்ரீநகரை ஒட்டிய பாம்போர் அவருடைய ஊர். குங்குமப்பூ விளையும் ஊர். அக்டோபர் பிற்பாதியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை பூக்கும். "பூ ஒருத்தருக்காகவும் நிக்காது அக்கா. அன்னைக்குப் பூத்தது அன்னைக்கே பறிக்கணும்" என்பார், கடலோரத் தமிழில்.

அவர் அக்கா என்று கூப்பிடுவது, கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவரை. பல வருடப் பழக்கம். "ஒருதடவை பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. ஓட்டல்ல தங்க வேண்டாம், எங்க வீட்லயே தங்கலாம்" என்ற அழைப்பும் பல வருடப் பழையதுதான். தீபாவளி முடிந்த கையோடு ஆசிரியை, அவருடைய கணவர், எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், முழங்கால் வலியுள்ள மாமியார் என்று ஐந்து பேரும் ஒருவழியாகக் கிளம்பிவிட்டார்கள்.

கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் நேராக ரயில் ஓடுகிறது. பிள்ளைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்களுக்கு இது பெரிய வரம். மலைப்பாதையில் காரில் குலுங்கி, வாந்தியெடுத்து, நிலச்சரிவு நீங்கக் காத்திருந்து போன தூரத்தை மூன்று மணி நேரத்தில் உட்கார்ந்தபடியே கடந்துவிடலாம். செனாப் ஆற்றுக்கு 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் பாலத்தை ரயில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாண்டிவிடுகிறது. அதற்கு முன்னும் பின்னும் சுரங்கங்கள். ஒவ்வொன்றிலும் சன்னல் இருண்டபோது பையன் கத்தினான். பெட்டியிலிருந்த மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். பனிஹால் தாண்டி, 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பீர் பஞ்சால் சுரங்கத்தைவிட்டு வெளியே வந்ததும் நிலம் அகன்று விரிந்தது. மஞ்சளான பாப்ளர் மரங்கள், அறுத்து முடித்த நெல்வயல், அதில் குவித்து வைத்த வைக்கோல். "நம்ம ஊரு மாதிரிதாண்டி இருக்கு" என்றார் மாமியார், பேத்தியிடம்.

பாம்போர் வயல்கள் பள்ளத்தாக்கின் தரைமட்டத்தில் இல்லை. கரேவா எனப்படும் மேட்டு நிலத்தில் இருக்கின்றன. பழைய ஏரியின் வண்டல் படிந்து உண்டான, நீர் தேங்காத மண். கிழங்கை ஒருமுறை ஊன்றினால் சில ஆண்டுகள் பூக்கும். விதை என்று ஒன்று இந்தச் செடிக்குக் கிடையாது. கிழங்கைப் பிரித்துப் பிரித்துத்தான் வளர்க்க முடியும். வருடத்தில் பெரும்பகுதி அந்த நிலம் வெறும் மண்ணாகவே தெரியும். அக்டோபரில் ஒரு காலையில் ஊதா நிறம் தலைகாட்டும். அதற்குப் பின் அந்த வீடுகளில் யாருக்கும் வேறு வேலை ஓடாது.

கடைக்காரரின் வீட்டில் அவருடைய அம்மா, அண்ணன், அண்ணி, மனைவி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று எப்போதுமே கூட்டம்தான். பூக்காலத்தில் கட்டிக்கொடுத்த தங்கைகளும் பிள்ளைகளோடு வந்துவிடுகிறார்கள். சீராட வருவதில்லை, வேலைக்கு வருகிறார்கள். "கூலிக்கு ஆள் வெச்சா கட்டாது" என்பது கடைக்காரரின் கணக்கு. அந்தக் கணக்கு இதுதான்: ஒரு பூவில் மூன்றே மூன்று சிவப்பு இழை. அந்த இழைதான் குங்குமப்பூ. ஒரு கிராம் சேர ஏறத்தாழ நூற்றைம்பது பூ வேண்டும். கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ. இதில் எந்த இயந்திரமும் கை வைப்பதில்லை. குனிந்து பறிப்பதும் விரலால் பிரிப்பதும் மனிதர்களே.

வெயில் ஏறுமுன் பறித்துவிட வேண்டும். பனி படிந்த விடியலில் பெண்களும் ஆண்களும் பிரம்புக் கூடையோடு வயலுக்குள் இறங்குகிறார்கள். முழங்கால்வரை தொங்கும் பெரன் அங்கி. அதற்குள்ளே சிலரிடம் காங்ரி, அதாவது மண்சட்டியில் கரித்துண்டு இட்டுப் பிரம்பு பின்னிய கணப்பு. பிள்ளைகள் வரப்பில் ஓடுகிறார்கள். அவர்களை யாரும் பறிக்கச் சொல்வதில்லை, போகச் சொல்வதும் இல்லை. ஐந்து வயதுப் பையன் முதல் நாள் பூவைத் தண்டோடு பிடுங்கினான். கடைக்காரரின் அண்ணி அவன் விரலைப் பிடித்து, பூவின் அடியில் வைத்து, லேசாக நகத்தால் கிள்ளக் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. அவன் கற்றுக்கொண்டான்.

அந்த வீட்டின் சாயங்காலத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கூடைகளைக் கூடத்து விரிப்பில் கொட்டுகிறார்கள். ஊதா நிறக் குவியல். சுற்றிலும் குடும்பம் முழுவதும் உட்கார்ந்துகொள்கிறது. பாட்டிக்குச் சுவரோரம், சாய்ந்துகொள்ள வசதியான இடம். இதழைப் பிரித்து, சிவப்பு இழையை மட்டும் எடுத்து ஒரு தட்டில் போட வேண்டும். மஞ்சள் மகரந்தம் தனி, இதழ் தனி. விரல் நுனி மஞ்சளாகிவிடும். சமாவரில் உப்புத் தேநீர் கொதித்துக்கொண்டே இருக்கும். நூன் சாய் என்று பெயர். வெளிர் சிவப்பாக இருக்கும், பால் உண்டு, சர்க்கரை கிடையாது. அதோடு ரொட்டிக்காரர் சுட்ட கிர்தா. மாமியார் முதல் மடக்கில் முகம் சுளித்தார். இரண்டாம் நாளிலிருந்து அவராகவே கோப்பையை நீட்டினார்.

பிரித்துக்கொண்டே பிள்ளைகள் படிக்கிறார்கள். காஷ்மீரில் பள்ளி ஆண்டு குளிருக்கு முன் முடியும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 2022இல் அதை மார்ச்சுக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் 2024இல் மறுபடி நவம்பருக்கே கொண்டுவந்துவிட்டார்கள். அதனால் பூவும் பரீட்சையும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன. பெரியப்பா வாய்ப்பாடு கேட்கிறார். கை நிற்காமல் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். பன்னிரண்டாம் வாய்ப்பாட்டில் ஒரு பையன் தடுமாறியபோது, மாமல்லபுரத்துச் சிறுமி தமிழில் அதைச் சொல்லிக் காட்டினாள். ஆசிரியை விடவில்லை, எல்லாப் பிள்ளைகளையும் தமிழில் பத்து வரை எண்ண வைத்தார். அதற்குப் பதிலாக அவர்கள் காஷ்மீரியில் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். சிறுமியின் வயதே உள்ள, கடைக்காரரின் தங்கை மகள் ஒருத்தி இருந்தாள். இவள் ஒரு பூவைப் பிரிப்பதற்குள் அவள் மூன்றை முடித்துவிடுவாள். அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதாகத் தெரியவில்லை. அந்த வீட்டில் அது நடக்கப் பழகுவதைப் போன்ற இயல்பான காரியம்.

இரண்டு பாட்டிகளும் அருகருகே உட்கார்ந்தார்கள். கடைக்காரர் நடுவிலிருந்து மொழிபெயர்த்தார். மருமகள் கருவுற்றிருந்தபோது தினமும் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுத்ததை மாமியார் சொன்னார். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்காக. பாம்போர்ப் பாட்டி கேட்டுவிட்டுச் சிரித்தார். "எனக்கு அஞ்சு பிள்ளைங்க. எல்லாரும் இதே வயல்ல வளந்தவங்க. ரெண்டு வெளுப்பு, மூணு கறுப்பு. பூவுக்கும் அதுக்கும் என்ன இருக்கு?" குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபணுவால் வருவது, குங்குமப்பூவால் மாறுவதில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ மருத்துவர்கள் சொல்லியும் நம்பாத மாமியார், அந்தப் பூவோடு அறுபது வருடம் வாழ்ந்த பெண் சொன்னதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார். "அப்ப வாசனைக்குப் போடுவோம்" என்றார்.

மாடிச் சன்னலோரம் கத்தரிக்காய், சுரைக்காய், தக்காளி எல்லாம் நூலில் கோத்துத் தொங்குகின்றன. டிசம்பர் 21இல் கடுங்குளிரின் நாற்பது நாட்கள் தொடங்கும். ஜம்முவிலிருந்து வரும் நெடுஞ்சாலை பனியால் அடைபட்டால் காய்கறி வராது. அந்த நாட்களுக்காகக் கோடையிலிருந்தே நறுக்கி உலர்த்திச் சேர்க்கிறார்கள். மாமியாருக்கு இதை யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. சுண்டைக்காயும் கத்தரியும் கொத்தவரையும் வற்றல் போட்டே வளர்ந்தவர் அவர். உப்புப் போட்டு வேகவைக்காமல் எப்படிக் கெடாமல் இருக்கிறது என்று மட்டும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஊருக்குத் திரும்பும்போது ஒரு சரம் சுரைக்காய் வற்றல் அவருடைய பையில் இருந்தது.

சினார் இலையைப் பற்றிப் பயணக் கட்டுரைகள் எல்லாம் எழுதிவிட்டன. ஸ்ரீநகரில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் நசீம் பாக், முகலாயர் காலத்துச் சினார்த் தோப்பு. பிள்ளைகள் அங்கே செந்நிற இலைக்குள் புரண்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் பாம்போரில் அதே இலையைப் பெண்கள் துடைப்பத்தால் கூட்டிச் சாக்கில் அள்ளுவதைப் பார்த்ததுதான் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்கது. இலையைக் கொளுத்தி, தீ அடங்கும் தறுவாயில் தண்ணீர் தெளித்துக் கரியாக்குகிறார்கள். குளிர்காலம் முழுவதும் காங்ரியில் எரிவது அந்தக் கரி. சிறுமி தன் நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்த இலைகளை எடுத்து, கடைக்காரரின் தங்கை மகளுடைய சாக்கில் போட்டுவிட்டாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அந்த வீட்டில் கவலையும் உண்டு, மறைக்கவும் இல்லை. குங்குமப்பூ நிலம் 1990களின் நடுவில் 5,700 ஹெக்டேருக்கு மேல் இருந்தது. பிறகு 4,000 ஹெக்டேருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2010இல் மத்திய அரசு தேசியக் குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கி, சுமார் 400 கோடி ரூபாய் ஒதுக்கி, கிணறும் தெளிப்பு நீர்க் குழாயும் அமைக்க முனைந்தது. ஆனால் செப்டம்பர் மழை தவறினால் இன்னும் பூ குறைகிறது. முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டித் தின்கிறது. வயலை விற்று வீடு கட்டுகிறார்கள். சிலர் ஆப்பிளுக்கு மாறுகிறார்கள். "அப்பா காலத்துல ராத்திரி பன்னண்டு மணி வரைக்கும் பிரிப்போம், தூக்கத்துல பிள்ளைங்க பூக்குவியல் மேலேயே சாய்ஞ்சிடும். இப்ப எட்டு மணிக்கு முடிஞ்சிடுது" என்றார் அண்ணன்.

சீக்கிரம் முடிவது வேலை குறைந்ததென்று மகிழ வேண்டிய விஷயம் அல்ல. கட்டிக்கொடுத்த தங்கைகள் வர ஒரு காரணம், பெரியப்பா வாய்ப்பாடு கேட்க ஒரு கூடம், பாட்டிக்குச் சுவரோரம் ஓர் இடம், எல்லாம் அந்தக் குவியலைச் சுற்றி அமைந்தவை. பூ குறையக் குறைய அந்தச் சாயங்காலமும் சுருங்குகிறது. நாம் கடையில் ஒரு கிராமுக்குக் கொடுக்கும் விலையில் நிலம் இருக்கிறது, நீர் இருக்கிறது, வியாபாரியின் லாபம் இருக்கிறது. ஒரு வீட்டின் பாட்டியும் அத்தையும் பேத்தியும் இரவில் உட்கார்ந்து செலவழித்த கைவேலைக்கு மட்டும் கூலி போடப்பட்டதே இல்லை. மலிவாகக் கிடைக்கும் கலப்படத்தோடு அவர்கள் போட்டியிட வேண்டியிருப்பது அநியாயம்.

பிள்ளைகளோடு போக விரும்புகிறவர்கள் அக்டோபர் கடைசி வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவில் நன்றாகவே குளிரும். கம்பளி உடையும் காலுறையும் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். காங்ரி இருக்கும் அறையில் சின்னப் பிள்ளைகள் மேல் ஒரு கண் இருக்கட்டும். நெருப்புத்தான் அது. வயலில் இறங்குமுன் உரியவரிடம் கேளுங்கள். பாத்தியின் மேல் மிதிக்காமல், நடுவிலுள்ள ஓடையில் மட்டும் நடக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். காலடியில் நாளைய மொட்டு இருக்கும்.

போக முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். காஷ்மீர்க் குங்குமப்பூவுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பாம்போரை அடுத்த துஸ்ஸுவில் உள்ள அரசு மையத்தில் தரம் சோதித்து அந்த முத்திரையோடு விற்கிறார்கள். வெதுவெதுப்பான நீரில் போட்டால் நல்ல இழை மெதுவாகத்தான் நிறம் விடும். நிறம் இறங்கிய பிறகும் இழை சிவப்பாகவே இருக்கும். உடனே நீரைச் சிவப்பாக்கிவிட்டு வெளுத்துப்போவது சாயம் ஏற்றிய நார். பொடியாக விற்பதை வாங்காதீர்கள். இழையாக, முத்திரையுள்ளதைக் கேட்டு வாங்குங்கள். விலை அதிகமென்றால் கால் கிராம் வாங்குங்கள்.