பாய்ச் சேர்விஸும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை, நான் முன்னர் அங்கத்தவனாக இருந்த ஆலயத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய தந்தையாரை நான் அறிவேன், அவரை அறியேன். "அங்கிள், நாங்கள் ஹோலிலை இளைஞர்களுக்கென்று ஒரு மாற்று வழிபாடு தொடங்கப்போறம். முந்தி நீங்களும் அப்படி ஒண்டு நடத்தினீங்களாம். அந்த ஒழுங்குமுறை ஏதும் கைவசம் இருக்கா?" என்று கேட்டார். தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

நாற்பது ஆண்டுகள் பத்திரிகைத் தொழிலில் கிடந்தவனின் வீட்டில் கடதாசிக்குப் பஞ்சமில்லை. எனினும் தேடிய பொருள் அரைமணி நேரத்திலேயே அகப்பட்டுவிட்டது. அலுமாரியின் அடித்தட்டில், பழைய நாட்குறிப்புகளுக்கு அடியில், மட்டை கழன்ற சீ.ஆர். கொப்பி ஒன்று. அதன் முன்பக்கங்களில் வழிபாட்டு ஒழுங்கு, பின்பக்கங்களில் வேறொன்று. அந்த வேறொன்றைப் பற்றி எழுதவே இன்று உட்கார்ந்தேன். ஆயினும் தொடக்கத்திலிருந்து சொல்வதே முறை.

கொழும்பின் தென்புறத்திலுள்ள ஆலயம் அது. பெயர் வேண்டாம். காலையில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் என மூன்று ஆராதனைகள் நடைபெறும். ஒரே கூரையின் கீழ் மூன்று சபைகள். ஒன்று வெளியேறும்போது மற்றது உள்ளே நுழையும். வாசலில் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வோம். தமிழ் ஆராதனை, ஆங்கில ஜெபப் புத்தகத்தை ஒரு நூற்றாண்டுக்கு முந்திய தமிழில் பெயர்த்துச் செய்யப்பட்டது. அந்தத் தமிழில் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. ஆனால் வாரம் முழுவதும் நான் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பிய செய்திகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை நான் முழங்காலிட்டுச் சொன்ன வசனங்களுக்கும் இடையில் ஒரு கடல் இருந்தது. போரும் அகதிகளும் சோதனைச்சாவடிகளும் அந்தச் சுவர்களுக்குள் வருவதில்லை. "சமாதானத்துக்காக" என்றொரு ஜெபம் வரும். அது எந்த நாட்டுச் சமாதானம் என்பது தெரியாது.

1994ஆம் ஆண்டு லெந்து நாட்களில் நாங்கள் அறுவர் சேர்ந்து, ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு ஆலய மண்டபத்தில் தனியானதொரு வழிபாட்டைத் தொடங்கினோம். இரண்டு ஆசிரியைகள், வங்கி ஊழியர் ஒருவர், மிருதங்கம் வாசிக்கத் தெரிந்த கணக்காளர் ஒருவர், பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், நான். இறையியல் மாணவர், இப்பாகமுவவில் யோகான் தேவானந்த 1957இல் நிறுவிய தேவசரணாராமயவில் உருவான 'புதிய உலக வழிபாட்டு'ப் பிரதியொன்றைக் கொண்டுவந்திருந்தார். பிற சமயத்தாரின் வாசகங்களுக்கும் தொழிலாளர், விவசாயிகளின் குரலுக்கும் வழிபாட்டினுள் இடமளித்த முயற்சி அது. எங்களவர்களுக்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. மருதனார்மடத்துக் கிறிஸ்தசேவ ஆச்சிரமத்தில் நிலத்தமர்ந்து வழிபடும் வழக்கத்தை எங்களில் மூவர் சிறுவயதிலேயே கண்டிருந்தோம்.

ஆகவே பாய்களை விரித்தோம். சிலுவை முடியுடன் கூடிய குத்துவிளக்கொன்றை ஏற்றினோம். வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இராகம் சிதையாமல் பாடினோம். ஒரு வாசகம், நீண்ட மௌனம், மன்றாட்டு, அவ்வளவுதான். ஆங்கில ஆராதனைக்காரர் எங்களுக்கு வைத்த பெயர் 'பாய்ச் சேர்விஸ்'. அதைக் கேட்டு நாங்களும் சிரித்தோம். கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பெருமையை இருவர் உடைத்தனர். முதலாமவர் மானிப்பாய்ப் பக்கத்து முதியவர். எண்பதைத் தாண்டிய அந்த அம்மா வாசலில் நின்று விளக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, எங்கட பாட்டா இதை விட்டிட்டுத்தானே வந்தவர். நீங்கள் ஏன் திரும்பக் காவிக்கொண்டு வாறியள்?" என்று கேட்டார். சாஸ்திரியாரின் காலத்திலும் இதே கேள்வி மறுபுறமிருந்து எழுந்தது என்பதும், தஞ்சாவூரில் அவருடைய கீர்த்தனைகளும் வாத்தியங்களும் பற்றிப் புதிய மிஷனரிமாருடன் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அம்மாவை மடக்கியிருக்கலாம். ஆனால் அவருடைய பாட்டா எதை இழந்து வந்தார் என்பது எனக்குத் தெரியாதே.

இரண்டாமவர் ஹற்றன் பகுதியிலிருந்து வந்து ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை செய்த பெண். ஞாயிறு மாலையில் மட்டுமே அவளுக்கு ஓய்வு. அவளைப் போன்றவர்களுக்காகவே அந்த நேரத்தைத் தெரிந்தோம் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டிருந்தோம். மூன்றாம் வாரம் அவள் ஆசிரியை ஒருவரிடம் கேட்டாள்: "அங்க கோயிலுக்குள்ள எல்லாரும் பெஞ்சிலதானே குந்துறாங்க. எங்களுக்கு மட்டும் ஏங்க டீச்சர் பாய்? வீட்லயும் நான் தரையிலதான் குந்துறேன்."

எங்கள் 'சுதேசியம்' அந்தக் கேள்விக்கு முன் நிற்கவில்லை. அடுத்த வாரம் மண்டபத்தின் மூன்று பக்கமும் கதிரைகள் போடப்பட்டன. விரும்பியவர் பாயில், விரும்பியவர் கதிரையில். அவள் கதிரையில் அமர்ந்தாள், முன்வரிசையில்.

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தது. வன்னி, வவுனியா வழியாகக் கொழும்பு வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் நிறைந்தனர். அவர்களிற் சிலர் எங்களிடம் வந்தனர். காலை ஆராதனைக்கு வர அவர்களுக்குக் கூச்சம். உடுப்பு ஒரு காரணம். ஒவ்வொருவரும் "எப்ப வந்தனீங்கள், எங்க நிக்கிறியள்" என்று விசாரிப்பது மற்றொரு காரணம். மாலையில் எவரும் எதுவும் கேட்பதில்லை.

மன்றாட்டு என் பொறுப்பு. அன்றைய ஞாயிறு பத்திரிகையைக் கொண்டுபோய், நான்கைந்து செய்திகளை வாசிப்பேன். ஒவ்வொன்றின் பின்னும் மௌனம். எதையும் விளக்குவதில்லை, அடைமொழி சேர்ப்பதில்லை. உபஆசிரியனாக நான் கற்ற ஒழுக்கத்தை மன்றாட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று சொல்லலாம்.

1997இன் தொடக்கத்தில் ஓர் அம்மா, வழிபாடு முடிந்ததும் என் கையில் ஒரு துண்டைத் தந்தார். அவருடைய மகனின் பெயர், வயது, ஊர், கொண்டுபோகப்பட்ட திகதி. 1996இன் நடுப்பகுதியில், இராணுவம் குடாநாட்டைக் கைப்பற்றிய பின்னர் நூற்றுக்கணக்கானோர் காணாமற்போன காலத்தில், அவனும் போனான். அவர் கொழும்பில் தங்கி, சர்வதேச செஞ்சிலுவைக் குழு, அமைச்சு, ஆணைக்குழு என்று அலைந்துகொண்டிருந்தார். "உங்கட பேப்பரிலை போடுவீங்களோ?" என்று கேட்டார். போட இயலவில்லை. ஆசிரியபீடத்தில் அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் நியாயமானவை. அவற்றை நானும் வேறு தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு, செய்திகளுக்குப் பின், அந்தத் துண்டை எடுத்து வாசித்தேன். பெயர், வயது, ஊர், திகதி. பிறகு மௌனம்.

அதற்கடுத்த வாரம் இரண்டு துண்டுகள். அதற்கும் அடுத்த வாரம் ஐந்து. துண்டுகள் தொலைந்துபோகுமென்று அஞ்சி, சீ.ஆர். கொப்பியின் பின்பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து கடைசிவரை வாசிப்பேன். மிருதங்கக்காரக் கணக்காளர், "இது வழிபாடா, இடாப்புக் கூப்பிடுதலா?" என்று ஒருமுறை கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வாசிப்பை நிறுத்தச் சொல்ல அவரும் முன்வரவில்லை.

பத்தொன்பதாவது பெயர் ஒரு சிங்களப் பெயர். காலைச் சிங்கள ஆராதனைக்கு வரும் தாயொருவர், ஹற்றன் பெண் வேலைசெய்த வீட்டு அம்மையாரின் தங்கை. 1996 ஜூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது அவருடைய மகன் அங்கே இருந்தான்; உடல் வரவில்லை. சமையற்கட்டில் கேள்விப்பட்டு வந்தாராம். சிங்களத்தில் எழுதிய துண்டை நீட்டினார். நான் இரண்டு வாரம் அதைச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்த மண்டபத்தில் அமர்ந்திருந்த தாய்மாருக்கு முன் ஒரு சிப்பாயின் பெயரை எப்படி வாசிப்பது? மூன்றாம் வாரம் வாசித்தேன். பெயர், வயது, ஊர், திகதி. தாய்மாரில் ஒருவர் எழுந்து விறாந்தைக்குப் போனார். அடுத்த பெயர் தொடங்கியதும் திரும்பி வந்து அமர்ந்தார். அதன் பின்னர் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் அப்படித்தான்: அந்த ஒரு பெயருக்கு மட்டும் வெளியே போவார், மீண்டும் வருவார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. சிங்களத் தாய் அதைக் கவனித்தாரா என்பதும் தெரியாது. அவரும் வருவதை நிறுத்தவில்லை.

2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தது. மே மாதம் கடுமையான தணிக்கை வந்தது. யாழ்ப்பாணத்தில் 'உதயன்' பத்திரிகைக்கு அம்மாதமே சீல் வைக்கப்பட்டது. கொழும்பில் எங்கள் பக்கங்கள் வெற்றிடங்களோடு அச்சாகின. அந்த நாட்களில், வழிபாடு முடிந்து லொட்ஜுக்குத் திரும்பிய இளைஞர் இருவர் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டு, ஓர் இரவு பொலிஸில் வைக்கப்பட்டனர். "மண்டபத்தில் என்ன கூட்டம்?" என்பதே விசாரணையின் சாரம்.

ஆலயக் கமிட்டி என்னை அழைத்தது. குருவானவர் மென்மையான மனிதர். அவ்விரு இளைஞரையும் பொலிஸில் போய்க் கையெழுத்திட்டு அழைத்துவந்தவரும் அவரே. "வழிபாட்டை நடத்துங்கள். பெயர்களை வாசிக்க வேண்டாம். பொதுவாக ஜெபியுங்கள்" என்றார். நான் ஆயத்தத்தோடுதான் போயிருந்தேன். 1983 யூலைக்குப் பின்னர், தான் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், சிங்கள மக்கள் தமிழரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தமது மறைமாவட்டப் பேரவையில் பகிரங்கமாகச் சொன்ன குருநாகல் பேராயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்கவை எடுத்துக்காட்டுவதாக உத்தேசம். எடுத்துக்காட்டவில்லை. "சரி, பாதர்" என்றேன்.

கமிட்டியைக் குறைகூறி இதை முடித்துவிடலாம். அது எளிது, நேர்மையன்று. பெரிய சபையின் பார்வைக்கு வெளியே, தனக்கென ஒரு நேரமும் தனக்கென ஓர் ஒழுங்கும் வைத்துக்கொண்ட குழு எங்கே போய் முடியலாம் என்பதற்கு உலகில் உதாரணம் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1986இல் ஓர் ஆலயத்தினுள் தொடங்கிய 'ஒன்பது மணி ஆராதனை', நடன இசையும் ஒளிக்காட்சிகளுமாக நூற்றுக்கணக்கான இளைஞரை ஈர்த்தது. திருச்சபைத் தலைவர்கள் மெச்சினர். 1995இல், அதன் தலைவர் பெண்கள் பலரைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்ற குற்றச்சாட்டுகளோடு அது சரிந்தது. 2025 ஆகஸ்டில்தான் லண்டன் நீதிமன்றம் ஒன்று அவரைக் குற்றவாளியாகக் கண்டது. எனவே கணக்குக் கேட்கும் கமிட்டி ஒன்று இருப்பது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன். எங்கள் கமிட்டி கேட்டதிலும் உயிர்ப் பயத்தின் நியாயம் இருந்தது. நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் கட்டளையைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டது கோபம் அன்று. ஆறுதல். மூன்று வருடங்கள் ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தாய்மாரின் முகங்களுக்கு முன் நின்றவனுக்கு, இனி நிற்கத் தேவையில்லை என்ற ஆறுதல். அதுவும் மேலிடத்து உத்தரவு. என் கை சுத்தம்.

அடுத்த ஞாயிறு, "காணாமற்போன அனைவருக்காகவும் மன்றாடுவோம்" என்று சொல்லி மௌனமானேன். அந்த மௌனம் வழமையைவிடக் குறுகியது, நானே குறுக்கினேன். எல்லாம் முடிந்து விளக்கைத் தணித்துக்கொண்டிருந்தபோது, முதல் துண்டைத் தந்த அம்மா கிட்டே வந்தார். கோபமாக அல்ல; ஒரு தவறைத் திருத்துபவரின் பணிவோடு சொன்னார்:

"தம்பி, இண்டைக்கு அவன்ர பேர் விடுபட்டுப் போச்சு."

அச்சுப்பிழை பற்றி அலுவலகத்துக்கு வரும் வாசகர்களிடம் பேசிப் பழகிய நாக்கு எனக்கு. "இப்ப எல்லாருக்கும் சேர்த்துத்தான் அம்மா" என்றேன். "எல்லாருக்குமோ" என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்னும் இரண்டு ஞாயிறு வந்தார். அதன் பின் வரவில்லை. லொட்ஜில் விசாரித்தபோது, வவுனியாவுக்குப் போய்விட்டார் என்றனர்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்பாடு வந்ததும் பலர் ஊர் திரும்பினர். இளையவர்கள் கிற்றார் வாசிக்கும் சபைகளுக்குப் போயினர். கணக்காளர் கனடா போனார். அந்த ஆண்டு முடிவதற்குள் பாய்களை மடித்துக் களஞ்சிய அறையில் வைத்தோம். கொப்பி என்னோடு வீட்டுக்கு வந்தது. 2018இல் காணாமற்போனோர் அலுவலகம் இயங்கத் தொடங்கியபோது அதை ஒருமுறை வெளியே எடுத்தேன். அவர்களிடமுள்ள ஆயிரக்கணக்கான பெயர்களுள் இவையும் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வைத்துவிட்டேன்.

இம்முறை உள்ளே வைக்கவில்லை. முன்பக்கங்கள், பின்பக்கங்கள் அனைத்தையும் படம்பிடித்து இளைஞருக்கு அனுப்பினேன். மறுநாளே அழைத்தார்.

"அங்கிள், கடைசிலை இருக்கிறது ஆரிந்த பேர்கள்?"

சொன்னேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, தங்கள் வழிபாட்டில் எல்லாம் திரையில் வரும் என்றார். முப்பத்திரண்டு பெயர்கள் ஒரே ஸ்லைடில் அடங்காது என்றார். கமிட்டியிடம் கேட்க வேண்டியிருக்கும் என்று நான் சொன்னேன். கேட்கிறோம் என்றார். அவர்கள் வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்க எனக்கு என்ன உரிமை?

"ரெண்டு ஸ்லைடா போடுங்கோ தம்பி. பத்தொன்பதாவது சிங்களப் பேர். அதைச் சிங்களத்திலும் எழுதுங்கோ" என்றேன்.