கேள்விக்குறி போட்டால்தான் பதில்

கைக்கடிகாரத்துக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர வேண்டும். அதில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டரை வினாடிக்கு மேல் பிசகிவிடும். இந்த அதிர்வை எண்ணிச் சொல்வதுதான் அதிர்வெண் எண்ணி. பினாங்கு, பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் அதை நாங்கள் ‘கவுண்டர்’ என்போம்.

அதன் முன்னால் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். படிகத்தைப் பொருத்துவார், எண்ணைப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார். ஒரு ஷிஃப்டில் நூற்றுக்கணக்கான முறை இதே வேலை. அதைக் கணினியிடம் ஒப்படைக்கும் பொறுப்பு எனக்கு வந்தது.

“அப்போ எனக்கு என்ன வேலை தம்பி?” என்று கேட்டார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

கருவியின் பின்பக்கத்தில் ஜி.பி.ஐ.பி. கேபிளை மாட்ட ஓர் இடம் உண்டு. 1975இல் ஐ.இ.இ.இ. 488 என்ற பெயரில் தரப்படுத்தப்பட்ட இணைப்பு அது. வீட்டு எண்போல ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி எண். அதில் பேசும் மொழி, 1990இல் வந்த எஸ்.சி.பி.ஐ. வாய்ப்பேச்சில் ‘ஸ்கிப்பி’.

முதலில் நட்சத்திரக்குறி போட்டு ஆர்.எஸ்.டி. என்று அனுப்பினால் பழைய அமைப்புகள் நீங்கும். அடுத்து, அதிர்வெண்ணை அளக்கச் சொல்ல வேண்டும். எவ்வளவு நேரம் எண்ண வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். கடைசியில் ‘ரீட்’, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி இல்லாவிட்டால் பதில் வராது. கேட்டுவிட்டு, பதிலை வாங்காமல் அடுத்ததை அனுப்பினால் கருவி மைனஸ் 410 என்ற பிழையைப் பதிந்துகொள்ளும்.

நிரல் எழுதுமுன் அக்காவின் நோட்டைப் புரட்டினேன். தினமும் முதல் அரைமணி நேரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

“மெஷின் சூடாகாம சொல்ற எண்ண நம்பக்கூடாது தம்பி. படிகத்தக் கையால தொட்டா அந்தச் சூடும் எண்ண மாத்தும். கொஞ்சம் ஆறவிட்டுத்தான் எழுதுவேன்.”

உண்மைதான். கவுண்டருக்குள்ளும் ஒரு படிகம் இருக்கிறது. அதை அளவுகோலாக வைத்துத்தான் மற்றவற்றை அது எண்ணுகிறது. அது நிலைக்கு வராமல் அளந்தால் நல்ல படிகமும் குப்பைக்குப் போகும். கருவியோடு வந்த புத்தகத்தில் சூடாகும் நேரம் இருந்தது. விரல் சூட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அக்கா சொன்ன இரண்டு காத்திருப்புகளையும் நிரலில் சேர்த்தேன். கணினி கட்டளையிடும்போது ‘ரிமோட்’ விளக்கு எரியும். முன்பக்கப் பொத்தான்கள் வேலை செய்யாது. ‘லோக்கல்’ பொத்தானை அழுத்தினால்தான் கருவி மறுபடியும் நம் கைக்கு வரும். கணினி தள்ளிவிட்ட படிகங்களை அந்தப் பொத்தானை அழுத்தி, கையால் மறுபடி சோதிக்க ஓர் ஆள் வேண்டும் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். நோட்டின் இரண்டு பக்கங்களையும் நகலெடுத்து இணைத்தேன். அவர் ஒப்புக்கொண்டார்.

சோதனை முறைக்கான தாளில், ‘தயாரித்தவர்’ என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் பெயர் அக்காவுடையது.