இடையே சுழலும் வார்

கோபுரத்தைக் கண்டு வியப்போர் பலர். அதைத் தாங்கி நிற்கும் அடிக்கல்லை எண்ணிப் பார்ப்போர் சிலர். இயந்திரங்களைப் பற்றிய பேச்சிலும் இதே நிலைதான். எஞ்சினின் குதிரைத்திறன் எவ்வளவு என்று எல்லாரும் கேட்கின்றனர். அத்திறனை எஞ்சினிலிருந்து சக்கரம் வரையில் கொண்டு சேர்ப்பது எது என்று கேட்பவர் அரியர். அப்பணியைச் செய்வது பல பொறிகளில் ஒரு முழம் இரும்புகூட இல்லாத, வளைத்தால் வளையும் ஒரு வார்தான். பணிமனைகளில் அதனைப் பெல்ட் என்பர்.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் சௌத் பெண்ட் என்னும் நகரம் உள்ளது. ஸ்டூடிபேக்கர் மோட்டார் வண்டிகள் 1963ஆம் ஆண்டின் இறுதிவரை உருவான நகரம் அது. அங்கே 1946ஆம் ஆண்டில் பாண்ட் குடும்பத்தார் சிறு தோட்ட டிராக்டர்களைச் செய்யத் தொடங்கினர். 'வீல் ஹார்ஸ்' என்று அவற்றுக்குப் பெயரிட்டனர். பல குதிரைகள் பூட்டிய வண்டியில் சக்கரத்துக்கு மிக அருகே நின்று பாரம் இழுக்கும் குதிரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் அது. போருக்குப் பின் நகர்ப்புறங்களில் எழுந்த வீடுகளைச் சுற்றிப் பரந்த புல்வெளிகள் இருந்தன. கையால் தள்ளும் பொறிக்கு அவை பெரியவை. வயலில் உழும் டிராக்டருக்கோ சிறியவை. அந்த இடைவெளியை இவ்வகை வண்டிகள் நிரப்பின. கோடையில் புல் வெட்டின. குளிர்காலத்தில் பனியைத் தள்ளின. அந்நிறுவனம் 1986ஆம் ஆண்டில் டோரோ நிறுவனத்தின் கைக்கு மாறியது. ஆயினும் 1960களில் பிறந்த வண்டிகள் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. தந்தை ஓட்டியதை மகன் ஓட்டுகிறான். மகன் துடைப்பதைப் பேரன் அருகில் நின்று பார்க்கிறான்.

அத்தகைய வண்டி ஒருநாள் மேட்டில் ஏறும்போது நின்றுவிடுகிறது. "வண்டிக்கு வயதாகிவிட்டது; பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்" என்று வீட்டிலுள்ளோர் கூறுகின்றனர். உரியவர் அவசரப்படுவாரானால் ஒரு தலைமுறையின் நினைவு எடைக்கு விலை போய்விடும். பொறுமையுடையவரோ முதலில் செவி சாய்க்கிறார். எஞ்சின் திணறி அடங்குகிறதா, அன்றி முழங்கிக்கொண்டே இருக்கச் சக்கரம் மட்டும் நிற்கிறதா? முன்னது நிகழ்ந்தால் குறையை எஞ்சினிலும் தேட வேண்டும். பின்னது நிகழ்ந்தால் ஆற்றல் பிறக்கிறது. ஆனால் வழியில் எங்கோ தொலைகிறது. அவ்வழியில் முதலில் ஐயுறத் தக்கது வார்.

இவ்வாரின் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்தாகிய 'வி' போன்றது. கப்பியின் பள்ளமும் அதே வடிவினது. இழுவிசை மிகும்போது வார் ஆப்புப்போல் பள்ளத்துள் இறுகுகிறது. அதன் இரு பக்கங்களும் கப்பியின் சுவர்களைப் பற்றுகின்றன. பிடிப்பு முழுவதும் பக்கங்களில்தான். அடிப்புறத்துக்கு அதில் பங்கில்லை. நாளடைவில் பக்கங்கள் தேய்கின்றன. வார் மெலிந்து பள்ளத்துள் தாழ்கிறது. அடிப்புறம் பள்ளத்தின் தரையைத் தொட்டுவிட்டால் ஆப்பின் வலிமை அழிகிறது, வார் வழுக்குகிறது. வழுக்கலால் வெப்பம் பிறக்கிறது. வெப்பத்தால் பக்கங்கள் கண்ணாடிபோல் மினுக்குப் பெறுகின்றன. மினுக்கு மேலும் வழுக்கலைப் பெருக்குகிறது. மினுமினுப்பு, வெடிப்பு, பிரிந்து தொங்கும் நூல் ஆகியவை முதுமையின் அடையாளங்கள்.

மாற்றும் வேலைக்கு வலிமையைவிட ஒழுங்கே தேவை. தற்செயலாக எஞ்சின் உயிர்பெறாதிருக்கப் பிளக்கின் கம்பியை முதலில் கழற்றிவிட வேண்டும். பின்னர் வாரை மறைக்கும் தகட்டை நீக்க வேண்டும். வார் எந்தக் கப்பியின் மேல், எந்தப் பக்கமாகச் செல்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்வது அறிவுடைமை. இவ்வண்டிகளில் கிளட்ச் என்பதே ஓர் எளிய அமைப்பு. சுருள்வில்லால் இழுக்கப்பட்ட சிறு கப்பி ஒன்று வாரை அழுத்தி இறுக்கி வைக்கிறது. காலால் மிதித்தால் அக்கப்பி விலகுகிறது, வார் தளர்கிறது, வண்டி நிற்கிறது. அத்தளர்ச்சியைக் கொண்டே பழைய வாரையும் கழற்றுகின்றனர். திருப்புளியால் நெம்புவது தீது. கப்பியின் விளிம்பும் கெடும், புதிய வாரின் நூலும் அறும்.

புதிய வாரைத் தேர்வதில் பலர் இடறுவதுண்டு. பழைய வாரை அளந்து வாங்குவது தவறு. அது நீண்டும் தேய்ந்தும் போனது. எண்களும் மயக்கம் தருவன. 'ஏ 56' என்னும் குறி உட்புற நீளம் 56 அங்குலம் என்பதைக் குறிக்கும். '4 எல் 580' என்பதோ வெளிப்புற நீளம் 58 அங்குலம் என்று பொருள்படும். நீளத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே, உழைப்பில் அல்ல. பின்னது இலேசான வேலைக்குரியது. மிதிக்குந்தோறும் தளர்ந்தும் இறுகியும் துன்புறும் வாருக்கு அராமிட் இழை பொதிந்த வகையே தாங்கும். எனவே வண்டியின் கையேடு கூறும் எண்ணை நாடுவதே நன்று. புதியதை மாட்டுமுன் கப்பியின் பள்ளத்துத் துருவைத் துடைக்க வேண்டும். சிறு கப்பியைக் கையால் சுழற்றி அது கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். கப்பிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா என்று கோல் வைத்து நோக்க வேண்டும். இவற்றைச் செய்யாதவர் புதிய வாரையும் விரைவில் பழைய வாராக்கிவிடுவர்.

இவ்வாரின் வரலாறு மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்க்கு அயலானது அன்று. கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் 1917ஆம் ஆண்டில் இரப்பரும் நூலும் கொண்டு 'வி' வடிவ வாரை உருவாக்கினார். 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளின் வழியே பரவிய பால்மரங்கள், அதற்குள் உலக இரப்பர்ச் சந்தையை வென்றிருந்தன. அமெரிக்கத் தொழிற்சாலைகள் வாங்கிய இரப்பரில் பெரும்பகுதி தென்கிழக்காசியத் தோட்டங்களில் விளைந்தது. விடியுமுன் பால்மரக் காட்டுக்குள் நடந்த தமிழ்ப் பாட்டாளிகள் பலர். தாம் வெட்டிய பால் எந்த நாட்டில் எந்தச் சக்கரத்தைச் சுழற்றுமென அவர்கள் அறிந்ததில்லை. 1930இல் செயற்கை இரப்பராகிய நியோப்ரீன் பிறந்தது. இன்றைய வார்கள் பெரும்பாலும் செயற்கை இரப்பரால் ஆனவை. எனினும் அத்தொழிலின் முதல் வலிமை மரத்தின் பாலிலிருந்து வந்தது.

ஆற்றல் ஓரிடத்தில் பிறக்கிறது. பயன் மற்றோரிடத்தில் விளைகிறது. இடையில் இருப்பதோ தானாக எதையும் ஆக்குவதில்லை. பற்றிக்கொண்டு கொண்டு சேர்க்கிறது, அவ்வளவே. முன்னோர் தேடிய அறிவுக்கும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் இடையே நிற்கும் ஆசிரியரின் பணியும் அத்தகையதே. அவர் தேய்வதைப் பலர் காண்பதில்லை, பிடிப்புத் தளர்ந்த பின்னரே "ஏன் நின்றது?" என்று கேட்கின்றனர். வண்டியைப் பழைய இரும்புக்குப் போடுமுன் மூடிய தகட்டைத் திறந்து பார்ப்பவனே அறிவுடையவன். பெரும்பாலும் அங்கே கெட்டுப்போயிருப்பது எஞ்சின் அன்று. ஓய்வின்றி உழைத்த ஒரு வார்தான்.