தேசிக்காய் போன பாதை

நிலாவரைக் கிணற்றில் தேசிக்காயைப் போட்டால் அது கீரிமலைக் கேணியில் போய் மிதக்கும். புத்தூர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வானர சேனையின் தாகம் தீர்க்க இராமர் அம்பு ஊன்றின இடம் அது. அடி காணாத ஆழம் என்பார்கள். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப்போக உவர். எல்லாம் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கிற குகைகளின் வேலை என்று பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தோம். கதைக்கு அதனால் ஒரு சேதமும் வரவில்லை. நிலத்துக்கு அடியில் வழி இருக்கிறதென்று வாத்தியாரே சொல்லிவிட்டாரே!

என் முதல் மாயக்கதை அந்தத் தேசிக்காயில் முளைத்ததுதான். 1990இல் சண்டை மூண்டு வலிகாமம் வடக்குச் சனம் எழும்பி வந்த பிறகு கீரிமலைக்கு ஒருவரும் போக முடியாது. பத்துக் கட்டைக்குள் இருக்கிற ஊர், எனக்கு ஏழு கடல் தாண்டிய இடமாகிவிட்டது.

மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமட்டும் எண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்துவோம். படிப்பு முடிந்த கையோடு அம்மம்மா அதை ஊதி அணைத்துவிடுவா. கதைக்கு எண்ணெய் செலவழிக்கிற வழக்கம் அவவிடம் இல்லை. சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லிக்குக் குன்ம நோயும் குதிரை முகமும். கீரிமலையில் முழுகித்தான் மாறினது. அம்மம்மா அந்த முகத்தை ஒரேயடியாக மாற்றமாட்டா. முதல் நாள் பிடரி மயிர் உதிரும். அடுத்த நாள் காது சிறுக்கும். மூக்கைக் கடைசிக்கு வைத்திருப்பா.

எங்கள் விறாந்தையில் இருந்த இடம்பெயர்ந்த ஆச்சிக்கு இதெல்லாம் பிடிக்காது. "ஆம்பிளையளின்ரை கேணி பெரிசு, பொம்பிளையளின்ரை சின்னன். கடலிலை முழுகிப்போட்டு வந்து உப்பைக் கழுவுவம். அதைச் சொல்லுங்கோ பிள்ளைக்கு" என்பா.

"போற வழியிலை தேசிக்காயை மீன் தின்னாதோ, அம்மம்மா?"

"புளிப்பை எந்த மீன் தின்னும்? படு."

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே வெளிக்கிட்டது. ஆச்சி எந்தப் பக்கம் போனா என்று தெரியாது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில், அவ்வளவு சனத்துக்கு நடுவில் கதை சொல்ல அம்மம்மாவுக்குக் கூச்சம். ஊர் திரும்ப அவவுக்கு நாள் இருக்கவில்லை.

வெகுகாலத்துக்குப் பிறகு எழுதினேன். ஒரு சிறுமி தேசிக்காயில் ஊசியால் தன் பெயரைக் கீறி நிலாவரையில் போடுகிறாள். ஆளில்லாத கேணியில் அதை எடுப்பவளுக்குக் குதிரை முகம். மூக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் கீரிமலைக்குப் போனேன். எல்லாம் ஆச்சி சொன்னபடிதான்: சுவருக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். பெடியள் கட்டிலிருந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கி ஆசைதீர முழுகினேன். அந்தக் கேணியை வைத்து இன்றுவரை ஒரு கதையும் எழுத வரவில்லை.