தங்கிய நீர்

சென்ற மார்கழியின் இறுதியில் ஒரு விடியற்காலை, கனடாவிலிருந்து வந்திருந்த நம் சிற்றப்பா மகனுடன், நந்தனத்தையும் கோட்டூர்புரத்தையும் இணைக்கும் பாலத்தின்மீது நடந்துகொண்டிருந்தோம். வெப்பநிலை 20 டிகிரிக்கு இறங்கினாலே நாம் கம்பளிக் குல்லாயைத் தேடுகிறோம். அவரோ சட்டைக் கையை மடித்துவிட்டபடி, கீழே அடையாற்றைப் பார்த்து நின்றார். "இந்நேரம் எங்கள் ஏரி கல்லாய் உறைந்திருக்கும், அண்ணா. படகைக் கரையேற்றி இரண்டு மாதமாகிறது" என்றார்.

உறைபனியைக் கண்டிராத நமக்கு ஓர் ஐயம் எழுந்தது. கரையேற்றிய பின்னும் எஞ்சினுக்கு என்ன கேடு வரும்? அவர் விளக்கலானார். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. எஞ்சினைக் குளிர்விக்கச் சென்ற நீர் உள்ளே சிறிது தங்கினாலும், பனிக்கட்டியாகி விரிந்து வார்ப்பிரும்பையும் பிளந்துவிடும். ஆகையால், படகின் பின்புறம் மாட்டும் மோட்டாரைச் செங்குத்தாக நிறுத்தி, நீர் முழுவதையும் வடியவிடுகிறார்கள். படகினுள்ளே பொருத்திய எஞ்சினாயின், நீரை வடித்தபின் உறையாத் திரவத்தை அதன் குழாய்களில் ஓடவிடுகிறார்கள். பற்சக்கரப் பெட்டியின் எண்ணெயையும் மாற்றுகிறார்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள். பெட்ரோல் கெடாதிருக்க அதற்குரிய மருந்தைக் கலந்து, எஞ்சினைச் சற்று ஓட்டி நிறுத்தி, பாட்டரியைக் கழற்றி வைக்கிறார்கள்.

வெயில் ஏறியதும், ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தருகே உள்ள ஊரூர் குப்பத்திற்குச் சென்றோம். கடலிலிருந்து திரும்பிய மீனவப் பெரியவர் ஒருவர், தம் மோட்டாரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் நிறைந்த பீப்பாயில் இறக்கி ஓடவிட்டுக்கொண்டிருந்தார். "உப்புத் தண்ணி உள்ளே நின்னா மிஷினை அரிச்சிடும், சார். வீட்டுக்குத் தண்ணி பத்தலேன்னாலும் இதுக்கு ஊத்தியாகணும். இது நின்னா அடுப்பும் நின்னுடும்" என்றார்.

தம்பி நம்மைப் பார்த்து முறுவலித்தார். அங்கே உறைபனி, இங்கே உப்பு. ஆயினும் பகை ஒன்றே. உள்ளே தங்கவிட்ட நீர்தான் அது.

2015 டிசம்பர்த் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரத்துத் தெருக்களில் புகுந்தது. அன்று மீனவர்கள் தம் படகுகளைக் கொண்டுவந்து மக்களைக் காத்தனர். நம் தெருமுனையில் கயிற்றை இழுத்தவுடன் முழங்கிய மோட்டாரின் ஓசை இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. அந்த ஓசைக்குப் பின்னே, யாரும் காணாமல் நாள்தோறும் செய்த இந்தக் கழுவுதல் இருந்தது என்பதைப் பீப்பாயருகே நின்றபோதுதான் உணர்ந்தோம்.